ஸ்டீவின் எழுத்து

உனக்கு மட்டும்தான் இதை எழுதுகிறேன், ஷண்முகப்ரியா. எவ்வளவு தேய்த்தும் விரல் நுனியில் கறுப்பு போகவில்லை. அதற்குள் அம்மா கீழே கூப்பிட்டுவிட்டாள். கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு இறங்கினேன். அபார்ட்மெண்டே கார் பார்க்கிங்கில் நின்றது. செக்ரட்டரி கல்யாணராமன் மாமாவின் வெள்ளைக் கார் கதவில், மத்தியானம் நான் ஸ்ப்ரே அடித்த எழுத்து: 'சத்தம் போடாதே.'

படிக்கட்டில் சிரித்ததற்காக அப்பாவைக் கூப்பிட்டு வைத்து என்னைத் திட்டினாரே, அதற்குத்தான். கையால் எழுதினால் மாட்டிக்கொள்வேன் என்று ஸ்டீவிடம் எழுத்து வடிவம் வெட்டிய ஸ்டென்சில் அட்டைகளை வாங்கினேன். ஸ்கூல் சார்ட்டுக்கு என்று பொய் சொன்னேன். உடனே கொடுத்தான்.

ஸ்டீவ், முதல் மாடியில் வாடகைக்கு இருக்கும் டோரதி ஆன்ட்டியின் மகன். டிசைன் படிக்கிறான். அது அவனே வரைந்த ஃபான்ட். வட்டம், அரைவட்டம், நேர்கோடு, வேறெதுவும் கிடையாது. 'த'வின் சுழிக்குள் இருக்கும் துண்டு கழன்று விழாமலிருக்க ஓர் இடத்தில் வெட்டாமல் விட்டிருப்பான். பெயிண்ட் அடித்தால் எழுத்து அங்கே உடைந்து தெரியும். எங்கள் பார்க்கிங் தூண்களில் பெயர்கள் எல்லாம் அந்த எழுத்தில்தான் இருக்கின்றன, அவன் அடித்துக் கொடுத்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை. என் கையெழுத்தை மறைக்க அவன் கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

"தூணைப் பாருங்கோ, காரைப் பாருங்கோ. உங்க பிள்ளை லட்சணம் தெரியறதா?" என்றார் மாமா.

"இன்னாடா ஆர்ட்டிஸ்ட்டு, கார்லயும் எக்ஸிபிஷனா?" என்று பக்கத்து வீட்டு மகேஷ் அண்ணன் சிரித்தான்.

"நீயாடா பண்ண?" டோரதி ஆன்ட்டி ஸ்டீவின் தோளைப் பிடித்துக் கேட்டார்.

ஸ்டீவ் குனிந்து 'த'வைத் தொட்டுப் பார்த்தான். உடைந்து தெரிந்தது பிடிக்காமல் அந்த இடைவெளியை நான் மார்க்கரால் நிரப்பியிருந்தேன். அவன் அப்படிச் செய்யவே மாட்டான். நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தான்.

"அட்டைய யாருக்காவது குடுத்தியா?" என்று மாமா அவனைக் கேட்டார்.

"இல்ல அங்கிள். யாருக்கும் குடுக்கல."

"அப்போ வீட்டைக் காலி பண்ணுங்கோ. ஓனர்கிட்ட நானே பேசிக்கறேன்."

ஆன்ட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மாடியேறினார். நான் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை. இப்போது எல்லோரும் தூங்கிவிட்டார்கள், அவர்கள் வீட்டில் மட்டும் சாமான் நகர்த்தும் சத்தம் கேட்கிறது.

நானே போய்ச் சொல்லிவிடுவேன் என்று நம்பித்தான் அவன் பொய் சொன்னானா, இல்லை, சொல்லமாட்டேன் என்று தெரிந்தேவா?