மூன்றரைக்கே காலியான கூடைகள்

மணிக்கணக்கில் தரும் குறைந்தபட்ச ஊதியம் நாடு முழுவதும் கால் பங்கு ஏறிய வாரத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒரு முட்டாள்தனம் செய்தோம். வேகமாக வேலை செய்தோம்.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் சலவைக்கூடம் அது. நான் விரிப்புகளை இஸ்திரி மெஷினுக்குள் விடுவேன். சூடாக வெளியே வருவதை என் அண்ணியும் 'ரயிலு'ம் ஆளுக்கொரு முனை பிடித்து மடிப்பார்கள். பேச ஆரம்பித்தால் எந்த ஸ்டேஷனிலும் நிற்காதவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

"சட்டம் வந்ததும் மூஞ்சி சுளிக்காம ஒத்துக்கிட்டாரே முதலாளி. நாமளும் கொஞ்சம் கைய வீசிப் போடுவோம்" என்று சொன்னது நான்தான்.

டீயைக்கூட நின்றபடியே குடித்தோம். ஐந்து மணிக்கு முடிகிற வேலை மூன்றரைக்கே முடிந்தது. வெறும் கூடைகளுக்கு நடுவே, மடியில் கையை வைத்து உட்கார்ந்திருந்தோம். முதலாளி வந்தார். கூடைகளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார். வாரம் முழுவதும் அப்படித்தான். மனதுக்குள் மெச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

மறுவாரம் என்னை மட்டும் கூப்பிட்டார்.

"உக்காரும்மா. ஆஸ்பத்திரிக்காரங்க வருஷம் முடியிற வரைக்கும் பழைய ரேட்டுதான்னு சொல்லிட்டாங்க. கரண்டும் ஏறிடுச்சு, சோப்பும் ஏறிடுச்சு." மேஜை மேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். "மெஷின்ல நான் நின்னுக்கறேன். மடிக்க ரெண்டு பேர் போதும். யார் போறதுன்னு நீயே சொல்லிடு. என் வாயால வரல."

அவரை வெறுக்கப் பார்த்தேன். நைந்த காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்த சட்டை போட்டிருந்தார். முடியவில்லை.

"ஐயா, அந்த வாரம் நாங்க ஓடினோம். வருஷம் முழுக்க அப்படி ஓட முடியாது."

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை, வெறும் சந்தேகம். "அப்போ இந்தப் பதினோரு வருஷமும்?"

பதினோரு வருட உழைப்பை ஒரே வாரத்தில் சோம்பேறித்தனமாக ஆக்கிவிட்டு நின்றேன்.

அண்ணியை இங்கே சேர்த்துவிட்டவள் நான். அண்ணன் ஆறு மாதமாக வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறான். ரயிலுக்கு அவள் சம்பாதித்தால்தான் அடுப்பு எரியும். எனக்கோ பள்ளிக்கூடம் போகிற மகள். மூன்று நாள் இதை யாரிடமும் சொல்லாமல் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள், முதலாளி சொன்னதை இருவரிடமும் சொல்லிவிட்டேன்.

அண்ணி விரிப்பின் முனையை விடவில்லை. "கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தவளே கழுத்தப் புடிச்சுத் தள்ளு. உங்க அண்ணன் சந்தோஷப்படுவாரு."

ரயில்தான் தொண்டையைக் கனைத்தாள். "சரி, நான் போறேன்."

நாங்கள் தலை குனிந்து நின்றோம்.

"அடிப்பாவிகளா! ஒரு பேச்சுக்காவது வேணாம்னு சொல்லக் கூடாதா?"

அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எனக்கும். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணி சொன்னாள்: "யாரும் போக வேணாம். மூணு பேருமே மூணரைக்குக் கிளம்புவோம். போன மாசம் குடுத்த சம்பளம்தானே அவருக்கு ஆகும்?"

"அப்போ ஏறின சம்பளம் எங்கக்கா?" என்று கேட்டாள் ரயில்.

"மணிக்கு ஏறிச்சு. மணி குறைஞ்சு போச்சு."

"அப்போ தினமும் ஓடணும்" என்றாள் ரயில்.

அண்ணி வீங்கிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

முதலாளி ஒத்துக்கொண்டார். "ரேட்டு ஏறுற வரைக்கும்தான்மா" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஈரக் கூடைங்கள இனிமே நானே தூக்கி வெக்கிறேன்" என்றார். எனக்கு அவரைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். பேசும்போது சுவரைத்தான் பார்த்தார்.

முதல் நாள் நான்கு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். என் வீட்டுக்குள் அந்த நேரத்தில் இவ்வளவு வெயில் வரும் என்பது எனக்குத் தெரியாது. தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் வாசலிலேயே நின்றாள். செருப்பைக் கழற்றவில்லை.

"என்னம்மா, வேலை போயிடுச்சா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். அவள் முகம் மாறிய பிறகுதான் சொன்னேன்.

"போகல. வா, உள்ள வா."

பையை இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் விரல்கள் தாமாகவே நடுங்கிக்கொண்டிருந்தன. அவள் அதைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.