ஓர்லா நின்ற இடம்

கணினித் திரையில், வீரனின் துணையாளான ஓர்லா குகை வாசலில் நின்றிருந்தாள். பனி பெய்துகொண்டிருந்தது, ஆனால் அவள் தோளில் ஒரு துகள்கூடத் தங்கவில்லை. விளையாட்டை உருவாக்கியவர்கள் அவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை. போன விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்த ப்ரைடியின் கணவன் ஜாரட் அவளிடம் 'இங்கேயே இரு' என்று கட்டளை கொடுத்துவிட்டுக் குகைக்குள் போனான். வேறு வழியாக வெளியே வந்தான். மறந்துவிட்டான். இந்த விளையாட்டை ஆடுகிற எல்லோரும் செய்கிற தவறுதான். இப்போது ப்ரைடி வீரனை நடத்திப் பக்கத்தில் போனதும் ஓர்லா வழக்கமான குரலில் கேட்டாள்: "புறப்படலாமா?"

ப்ரைடி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

விளையாட்டை மாற்றும் யோசனைகள் எல்லாம் ஜாரட்டுடையவை. நாட்டின் மறுகோடியில், பில்பராவின் இரும்புச் சுரங்கத்தில் வாரக்கணக்கில் தங்கி லாரி ஓட்டும்போது அவனுக்கு அவை தோன்றும். குதிரைக்குக் களைப்பு வரவேண்டும். நனைந்த துணியோடு நடந்தால், ஆடுபவர் இயக்கும் வீரனுக்குக் குளிர வேண்டும். லான்செஸ்டன் வீட்டில் உட்கார்ந்து அவற்றை நிரலாக எழுதி, யாரும் தரவிறக்கிக்கொள்ளும் 'மாட்' என்ற இணைப்பாக விளையாட்டில் சேர்ப்பது ப்ரைடி. கடல் உயிரியல் படித்தவள், தூண்டில் கடையில் வேலை பார்க்கிறாள். இப்போது வடக்கே வெகுதொலைவில், டவுன்ஸ்வில் பவளப்பாறை ஆய்வகத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "நான் வரட்டும், பேசிக்கலாம்" என்றான் ஜாரட். முன்பு ஹோபர்ட் நகரில் ஒரு வேலை வந்தபோதும் அதையேதான் சொன்னான். அவன் வருவதற்குள் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

அந்த வாரம் அவள் முதன்முறையாகச் சொந்தமாக ஒரு மாற்றத்தை எழுதினாள். காத்திருக்கச் சொன்னால் துணையாள் காத்திருப்பாள். ரொம்ப நாளானால் போய்விடுவாள். எழுதுவது சுலபமாக இருந்தது. ஆனால் எங்கே போவாள்? ஓர்லாவுக்கு வீடே கிடையாது. வீரனுக்குப் பக்கத்தில் அல்லாமல் வேறெங்கும் இருக்கும்படி யாரும் அவளை உருவாக்கவில்லை. ப்ரைடி வரைபடத்தில் ஆறு கடலில் சேரும் இடத்தைத் தேடி, ஒரு சின்ன வீடு கட்டினாள். கட்டில், பானை, ஜன்னலில் ஒரு விளக்கு. மற்ற எல்லாவற்றையும்விட அந்த விளக்குக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

புதன்கிழமை மாலை சுரங்க முகாமிலிருந்து ஜாரட் அழைத்தான். தன் திரையையும் அவளுக்குத் தெரியும்படி வைத்தான்.

"நீ புதுசா அனுப்பின 'மாட்'ல கோளாறு, மேடம். ஓர்லாவக் காணோம்."

"எங்க விட்ட?"

"பாலத்துக்கிட்ட. நிக்கச் சொல்லிட்டு ஒரு டிராகன அடிச்சுட்டு வந்தேன். ஒரே ஒரு டிராகன்!"

"அவ்ளோதானா?"

"சரி, நடுவுல கொஞ்சம் மீன் புடிச்சேன். ஒரு வீடு வாங்கினேன். ஒரு கல்யாணத்துக்குப் போனேன், சாப்பாடு நல்லாருந்துச்சு."

"கோளாறு இல்ல. ரொம்ப நாளாச்சுன்னு அவ வீட்டுக்குப் போயிட்டா."

"நான் நிக்கத்தானே சொன்னேன்? டவுன்லோட் பண்றவன்லாம் நம்மளக் கிழிச்சுத் தொங்கவிடுவான். நாளக் கூட்டு. ஒரு வருஷம் வை."

ஒரு எண்ணை மாற்றினால் போதும். ப்ரைடி மாற்றவில்லை.

"அவ எவ்ளோ நாள் நின்னான்னு தெரியுமா உனக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்? நான்தான் அங்க இல்லையே."

அவன் பின்னால் யாரோ கதவைத் தட்டி, சாப்பிட வரச்சொல்லிக் கத்தினார்கள். ஜாரட் போகவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும், ஜாரட்."

"அதான் சொன்னேனே, நான் வந்..."

அவன் நிறுத்திக்கொண்டான். திரையில் வீரன் பாலத்தின் நடுவில் அசையாமல் நின்றான்.

"அவ வீடு எந்தப் பக்கம்?" என்றான்.

"வடக்க. ஆத்த ஒட்டியே போ."

"ரொம்பத் தூரமா?"

"தூரம்தான்."

ப்ரைடி ஆய்வகத்தின் மின்னஞ்சலைத் திரையின் ஒரு பாதியில் திறந்து வைத்து, வருவதாகப் பதில் எழுதத் தொடங்கினாள். மறுபாதியில் அவன் ஆற்றங்கரையில் குதிரையை விரட்டிக்கொண்டிருந்தான். மழை பிடித்தது. சிறிது தூரத்தில் குதிரை களைத்துத் தலையைத் தொங்கப்போட்டு நின்றுவிட்டது. "நகரேன் சனியனே," என்றான் ஜாரட். பிறகு இறங்கினான். நனைந்த துணியோடு, குளிரில் தோள்கள் குறுகி, வீரன் மெதுவாக நடந்தான். ஆறு அகன்றுகொண்டே போனது. விளக்கு இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை.