ஏரிக்கரைக்கு இரண்டு பேர்

2024ஆம் ஆண்டு ஆயுத பூஜை அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை வந்தது. விஜயதசமி மறுநாள் சனிக்கிழமை. சின்ன காஞ்சிபுரத்தை ஒட்டிய தூப்புலில் வைணவ ஆசாரியர் தேசிகனின் பிறந்தநாள் உற்சவமான திருநட்சத்திரமும் அதே சனிக்கிழமை.

இந்த மூன்றில் முதல் இரண்டை மட்டும் பார்த்துத்தான் ஸுஷ்மா நாள் குறித்தாள். அவள் கோயம்புத்தூரில் வளர்ந்தவள். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அந்த உற்சவத்தைப் பார்த்திருக்கிறாள் என்றாலும், ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு தேதியில் வருவதை மனதில் வைத்துக்கொண்டதில்லை. அவள் கணவன் ஹர்ஷவர்தனுக்கு அது தெரியாமல் இருக்க வழியில்லை. அவன் வாய் திறக்கவில்லை.

போக நினைத்த இடம் நாசிக்கிற்கு வெளியே, கங்காபூர் அணையின் ஏரிக்கரை. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள், நடுவில் ஒயின் தயாரிக்கும் ஆலை, அதை ஒட்டி ஒரு விடுதி. மழை ஓய்ந்த சமயம் என்பதால் ஏரி நிரம்பியிருக்கும். கொடிகளில் பழம் இருக்காது, கவாத்து செய்து விட்டிருப்பார்கள். அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. சாயங்காலம் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கோப்பை ஒயினோடு, யாரும் குறுக்கே வராமல் ஒரு பேச்சு பேசி முடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

பேச்சு பெங்களூரு வேலையைப் பற்றியது. அங்கே ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். அக்டோபர் பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஹர்ஷா வேலை பார்ப்பதும் பெங்களூரு கம்பெனிக்குத்தான், காஞ்சிபுரத்து மாடியறையிலிருந்து. அவன் சரி என்றால் இரண்டு பேரும் போய்விடலாம். அவன் இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வீட்டில் வைத்துக் கேட்கவும் முடியவில்லை. அவர்கள் அறைக் கதவைச் சாத்தினால் மாமியார் அம்ருதவல்லிக்கு உடனே அந்த அறை அலமாரியிலிருந்து ஏதாவது எடுக்க வேண்டியிருக்கும்.

ஒயின் என்ற சொல்லை அந்த வீட்டில் உச்சரிக்க முடியாது. அதனால் ஹர்ஷா அப்பாவிடம், "பஞ்சவடி சேவிச்சுட்டு வரோம்ப்பா" என்று சொல்லிவிட்டான். இராமர் வனவாசத்தில் தங்கிய இடம், கோதாவரிக் கரை, அதுவும் நாசிக்தான். ஓய்வுபெற்ற சமஸ்கிருத ஆசிரியரான தேவராஜன் முகம் மலர்ந்து, "பேஷ்" என்றார்.

செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊரில் டிராவல்ஸ் நடத்தும் லோகேஸ்வரன் பைக்கில் வந்து வாசல் கேட்டருகே நின்றான். பக்கத்து ஓரிக்கைக்காரன், ஹர்ஷாவோடு பிளஸ் டூ படித்தவன்.

"ஆதார் காப்பி வேணும்மா. மும்பை ஃப்ளைட்டுக்குப் பேரு கரீட்டா போடணும்."

ஸுஷ்மா உள்ளே வரச் சொன்னாள். அதற்குள் அம்ருதவல்லி காகிதக் கப்பில் காபியோடு கேட்டுக்கே வந்துவிட்டாள்.

"கப்பு மாத்திட்டீங்க போலக்குதே ஆன்ட்டி. போன வாட்டி பூப்போட்டது குடுத்தீங்க."

"தூக்கிப் போட சௌகரியமா இருக்கட்டும்னு."

"ஆமா ஆன்ட்டி. ரொம்ப சௌகரியம்" என்று சிரித்தபடியே அவன் கேட்டுக்கு வெளியிலேயே நின்று குடித்தான். ஸுஷ்மா ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் போட்டாள். மாமியார் அதைப் பார்த்தாள். அவன் உட்காரவில்லை.

ஹர்ஷா ஆதாரைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் தேவராஜன் செய்தித்தாளோடு வாசலுக்கு வந்தார்.

"என்னிக்குப்பா கெளம்பறா?"

"பதினொண்ணு காலைல சார். ஞாயித்துக்கெழம ராத்திரி ரிட்டன்."

"பதினொண்ணா? அப்போ பன்னண்டு?"

"விஜயதசமி சார்."

"உனக்கு விஜயதசமி. எங்களுக்கு?" கேள்வி லோகேஸ்வரனைத் தாண்டி, பின்னால் வந்து நின்ற மகனிடம் போனது.

"திருநட்சத்திரம்ப்பா" என்றான் ஹர்ஷா.

"தெரிஞ்சுண்டேதான் போட்டியா?"

"லீவு அப்போதான் வந்தது. ஸுஷ்மாதான் தேதி பார்த்தா."

ஸுஷ்மா அவனைப் பார்த்தாள். அவன் ஆதார் நகலை நான்காக மடித்துக்கொண்டிருந்தான்.

"அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அம்ருதவல்லி. குரல் இதமாகத்தான் இருந்தது. "அவா ஊர்ல மில்லு விடற லீவுதான் தெரியும். லோகமே அன்னிக்குத் தூப்புலுக்கு வரது. இவா ரெண்டு பேர் மட்டும் இங்கேர்ந்து பொறப்பட்டுப் போறா."

"விடு" என்றார் தேவராஜன். அவருக்குக் கோபம் வந்து, அதைவிட நல்ல யோசனை ஒன்றும் வந்துவிட்டது. "ஐப்பசிக்கு மாத்திக்கோ. உற்சவம் முடிஞ்சுடும். பஞ்சவடி நானும் சேவிச்சதில்லே. நாலு பேராப் போயிடலாம். ஏம்ப்பா லோகேஷ், நாலாக்கிடு."

அவர் பேச்சில் குற்றம் சொல்ல இடமில்லை. யாத்திரை என்றால் ஒரு மாதம் தள்ளிப் போகலாம், இரண்டு பேர் கூட வரலாம். பொய்யை அவர் நம்பியதன் பலன்தான் இது.

"மாத்தலாம் சார்" என்று இழுத்தான் லோகேஸ்வரன். விடுதியைப் பற்றி அவனுக்குத் தெரியும். "ஆனா அந்த ரூம்பு ரெண்டு பேருக்குத்தான். ஏரியப் பாத்தாப்ல இருக்குது."

"ஏரி எதுக்கு? கோதாவரி இருக்கு."

"கோதாவரியக் கட்டி வெச்சதுதான் சார் அந்த ஏரி."

"அதெல்லாம் வேண்டாம். நம்மவா சத்திரம் ஏதாவது இருக்கும், விசாரி" என்றாள் அம்ருதவல்லி. "தளிகைக்கு நான் அடுப்பும் பாத்திரமும் எடுத்துண்டுடறேன். ஸுஷ்மா கூடமாட இருக்கா, எனக்கென்ன?"

"ஹர்ஷா, சொல்லு" என்றாள் ஸுஷ்மா.

"என்ன சொல்லணும்?"

"ஐப்பசி ஆகாதுன்னு. பதினஞ்சாம் தேதிக்குள்ள நான் பெங்களூருக்குப் பதில் சொல்லணும்னு."

"என்ன பதில்?" என்று மாமனாரும் மாமியாரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"அப்புறம் பேசிக்கலாம் ஸுஷ்மா."

"எங்க? இந்தாத்துல எந்த எடத்துல உக்காந்து பேசறது, காட்டு. இப்பவே போய்ப் பேசலாம்."

ஹர்ஷா தெருவைப் பார்த்தான். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. அவனுக்கு அதுதான் கவலை என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. அதற்கு மேல் ஸுஷ்மாவுக்குப் பொறுமை இல்லை.

"பஞ்சவடி இல்லேப்பா" என்று மாமனாரிடம் சொன்னாள். "திராட்சைத் தோட்டத்துக்கு நடுவுல ஒரு விடுதி. ஒயின் பண்ற எடம். ஏரிக்கரையில உக்காந்து ஒரு வாய் குடிச்சுண்டு, நாங்க பெங்களூர் போறதைப் பத்திப் பேசலாம்னு போறோம். எனக்கு அங்க வேலை கெடைச்சிருக்கு."

லோகேஸ்வரன் கப்பை மதில்மேல் வைத்தான். "நான் அப்பால வரேன்மா."

"இரு லோகேஷ். நீ கேட்டு ஒண்ணும் கெட்டுப் போயிடாது."

தேவராஜன் கத்தவில்லை. செய்தித்தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "கோயில்ல பாசுரம் சேவிக்கற கோஷ்டியில மொத வரிசையில உக்காரறவன் நான். என் ஆத்துலேர்ந்து குடிக்கறதுக்கு டிக்கெட் வாங்கறா. ராமன் பேரைச் சொல்லி."

"அந்தப் பேரை நான் சொல்லலே. உங்க பிள்ளை சொன்னான்."

"மாட்டுப்பொண் காலேஜ்ல கெமிஸ்ட்ரி சொல்லித் தரான்னு ஊர் பூராப் பெருமையடிச்சுண்டேன்" என்றாள் அம்ருதவல்லி. "இதுக்குத்தான் அந்தக் கெமிஸ்ட்ரின்னு தெரியாமப் போயிடுத்து."

"இதுக்கும்தாம்மா. திராட்சை புளிக்கறதும் பாடத்துல இருக்கு."

"பார்த்தியாடா, வாயை?"

"நான் குடிக்கறதா சொல்லவே இல்லேம்மா" என்றான் ஹர்ஷா. "அவளுக்கு அந்த எடம் பிடிச்சிருந்தது. சரின்னேன்."

ஸுஷ்மாவுக்கு ஒரு கணம் சிரிப்புத்தான் வந்தது. அந்த விடுதியைக் கண்டுபிடித்ததே அவன்தான். ஒயின் வகைகளைப் படம் எடுத்து, 'எனக்கு ரெட், உனக்கு?' என்று மாடியிலிருந்து கீழே அடுக்களையில் நின்றவளுக்கு அனுப்பியதும் அவன்தான்.

"ரெட் யாருக்கு ஹர்ஷா?"

"அது ஜோக்குக்கு அனுப்பினது."

"பெங்களூரும் ஜோக்குதானா?"

அவன் பதில் சொல்வதற்குள் தேவராஜன் தீர்ப்பு சொன்னார். "அந்த எடம் வேண்டாம். ஐப்பசியில நாலு பேரும் பஞ்சவடி போறோம். பெங்களூர், கிங்களூர்னு இனிமே இந்தாத்துல பேச்சு வரப்படாது. என்னடா?"

"சரிப்பா" என்றான் ஹர்ஷா.

ரசத்துக்கு உப்புப் போதுமா என்று கேட்டாலும் அவன் அதே குரலில்தான் சொல்வான். ஏழு வருஷமாகக் கேட்ட குரல். இதைக் கேட்பதற்கு அவள் நாசிக் வரைக்கும் போக நினைத்திருந்தாள்.

"லோகேஷ்" என்றாள். "பதினொண்ணாந்தேதி ரெண்டையும் கேன்சல் பண்ணிடு. ஐப்பசிக்கு மூணு போடு."

"மூணா, நாலாம்மா?"

"மூணு."

"ஸீன் போடாதே ஸுஷ்மா" என்றான் ஹர்ஷா, பல்லைக் கடித்துக்கொண்டு. "எதிராத்துல பார்க்கறா."

"பார்க்கட்டும். அவாளுக்கும் எத்தனை பேர்னு தெரியட்டும்."

"போனா போகட்டும்டா" என்றாள் அம்ருதவல்லி. "ரெண்டு நாள் கழிச்சு தானா வருவா. அங்க யார் வெச்சுண்டு சீராட்டப் போறா?"

லோகேஸ்வரன் யார் முகத்தையும் பார்க்காமல் ஹர்ஷாவிடம் கையை நீட்டினான். "பெரியவங்க ரெண்டு பேர் ஆதாரும் குடுப்பா. இது போதாது." ஹர்ஷா உள்ளே போய் எடுத்து வந்தான். இந்த முறை தேட வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலமே ஸுஷ்மா பெங்களூருக்குச் சம்மதம் எழுதினாள். மறுநாள் கல்லூரியில் ராஜினாமாவைக் கொடுத்தாள். வீட்டில் அதற்குப் பிறகு அவளிடம் பேசியது அம்ருதவல்லி மட்டும்தான், அதுவும் பால்காரரை நிறுத்தலாமா என்பது மாதிரியான விஷயங்கள். ஹர்ஷா மாடியறையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தான். ஒரு தடவை மட்டும் கேட்டான், "ஒரு மாசம் பொறுத்தா என்ன?" எந்த மாசம் என்று அவள் கேட்டாள். அவன் ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டான்.

திருநட்சத்திரத்தன்று தேவராஜன் வழக்கம்போல் கோஷ்டியில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். மாட்டுப்பெண் எங்கே என்று கேட்டவர்களிடம் அம்ருதவல்லி உடம்பு சரியில்லை என்றாள். ஸுஷ்மா அப்போது வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 21ஆம் தேதி அவள் பெங்களூரில் வேலையில் சேர்ந்தாள். நவம்பர் முதல் வாரத்தில் தேவராஜனும் அம்ருதவல்லியும் ஹர்ஷவர்தனும் நாசிக் போய், கோதாவரியில் குளித்து, பஞ்சவடியைச் சேவித்துவிட்டுக் காஞ்சிபுரம் திரும்பினார்கள்.