நார்வேக்கு ஒரு ஜோடி ஸ்கீ

பைதரின் நிலவறையில் பனியில் சறுக்கும் பலகைகளான ஸ்கீ பதினொரு ஜோடி இருந்தன. மனைவி லதீனாவிடம் ஏழு என்று சொல்லி வைத்திருந்தான். லதீனா எண்ணத் தெரியாதவள் அல்ல. எண்ணி முடித்துவிட்டுப் பேசாமல் இருப்பவள்.

அவர்கள் வாழும் எங்கடின் பள்ளத்தாக்கில் எந்தப் பனிக்கு எந்தப் பலகை என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் பைதரைத்தான் கேட்பார்கள். அவன் வெந்நீர்க் கொதிகலன் பழுது பார்க்கப் போகிற வீடுகளில்கூட, கொதிகலனுக்கு அடியில் மல்லாந்து கிடக்கும்போதே கேட்பார்கள். அவனும் வாயில் திருகாணியை வைத்துக்கொண்டே பதில் சொல்வான். ஊருக்கெல்லாம் ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொன்ன அந்த வாய்தான், தன் சொந்த விஷயத்தில் டிசம்பரிலிருந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். ஏப்ரலில் வடக்கு நார்வேக்குப் பயணம். படகிலேயே தங்குவது, காலையில் கரையிறங்கி, ஸ்கீயோடு மலையேறி, கடல்வரை சறுக்கி இறங்கி, மறுபடி படகு. லதீனாவின் அக்கா பிரைதாவும் அவளுடைய கூட்டாளிகளும் போகிறார்கள். இவர்கள் இருவருக்கும் இரண்டு படுக்கை பிடித்து வைத்திருந்தார்கள். விமானத்தில் ஆளுக்கு ஒரே ஒரு ஜோடி ஸ்கீ. லதீனாவுக்கு இதில் சிக்கலே இல்லை, அவளிடம் இருப்பதே ஒரு ஜோடி. பைதருக்கு இது, பிள்ளைகளில் ஒன்றை மட்டும் கூட்டிக்கொண்டு போ என்று சொன்னது போலிருந்தது.

அகலமான ஸ்கீ பொடிப்பனியில் மிதக்கும். மெத்தையில் உட்கார்ந்து போகிற சுகம். ஆனால் பனி இறுகிவிட்டால் கதவைக் கழற்றிக் காலில் கட்டிக்கொண்டு போகிற கதிதான். ஒல்லியான ஸ்கீ இறுகின பனியைக் கத்தி மாதிரி பிடிக்கும், ஏறும்போது காலுக்கு எடையே தெரியாது. பொடிப்பனி வந்தால் மூழ்கி, ஆளையும் கூடவே மூழ்கடிக்கும். நடுவாந்தரமான அகலம் எல்லாவற்றையும் செய்யும், தேர்தலுக்கு நிற்பவர் மாதிரி. எதையும் முழுசாகச் செய்யாது. நார்வேயில் ஏப்ரலில் எந்தப் பனி? காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் இன்னொன்று.

கடைசியில் போட்டி இரண்டு ஜோடிக்குள் வந்து நின்றது. ஒரே பட்டறை, ஒரே வருஷம், ஒரே நீளம், ஒரே கருநீலம். அகலம் மட்டும்தான் வேறு. ஒப்பிடுவதென்றால் இப்படித்தான் ஒப்பிட வேண்டும் என்று பைதருக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமையில்தான் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றைக் கையிலும் மற்றதை முதுகுப்பையில் கட்டியும் தூக்கிக்கொண்டு, மலைக்குப் போகும் நாற்காலி லிஃப்டில் லதீனாவின் பக்கத்தில் மூச்சிரைக்க உட்கார்ந்தான்.

"இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள பேர் குடுக்கணும்," என்றாள் லதீனா. "வேற ஒரு ஜோடி அந்த இடத்துக்குக் காத்துக்கிட்டிருக்காங்களாம். நீ முடிவு பண்ணலேன்னா நான் ஒருத்தி மட்டும் போறேன்."

"ஸ்கீயத்தானே முடிவு பண்ணணும்? இன்னிக்கு முடிஞ்சிரும்."

"ஸ்கீயத்தானா?"

பைதர் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து விட்டான்.

லதீனா மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து ஓட்டுபவள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்களையும், வரமாட்டேன் என்று சொல்லாமல் நிறுத்தத்தில் நின்று யோசிப்பவர்களையும் தினமும் பார்க்கிறவள்.

பைதர் களைத்துப் போயிருந்தான். இந்தக் குளிர்காலம் முழுக்கக் கொதிகலன்கள் சொல்லி வைத்தாற்போல் செத்தன. முழங்காலில் நின்று நின்று வலது முழங்கால் புளித்த மாவு போல உப்பிக் கிடந்தது. ஆனால் களைப்பு அங்கே தொடங்கவில்லை. போன வருஷம் பிரைதாவின் கூட்டத்தோடு ஒரு மலை ஏறியபோது அவன்தான் கடைசி. கடைசியாக வருகிறவனுக்கு ஒரு விசேஷத் தண்டனை உண்டு. வழியில் ஓய்வெடுக்கும் ஒவ்வொரு இடத்திலும், உச்சியிலும், முன்னால் போனவர்கள் உட்கார்ந்து, தேநீர் குடித்து, சட்டை மாற்றி, சிரித்துப் பேசி, உடம்பு குளிரத் தொடங்கும் நேரத்தில்தான் அவன் தலை தெரியும். "வந்துட்டானப்பா!" என்று எல்லாரும் சந்தோஷமாக எழுந்துகொள்வார்கள். அவன் வந்த கணமே கிளம்பும் கணம். அன்று முழுக்க பைதர் ஒரு வாய் தேநீர்கூட உட்கார்ந்து குடிக்கவில்லை. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. எந்த ஸ்கீ என்ற கேள்வி தீராமல் இருக்கிறவரை, எந்த முழங்கால் என்ற கேள்வி வராது அல்லவா?

காலையில் அகல ஜோடியில் இரண்டு முறை மேலிருந்து மலைக்குடில் வரை இறங்கினான். வடக்குச் சரிவில் பொடிப்பனி. அகலம் அவனைத் தூக்கிக்கொண்டு போனது. மேற்குச் சரிவில் வெயிலும் காற்றும் பட்டு மேலே பொருக்குக் கட்டியிருந்தது, காலை வைத்தால் அப்பளம் போல் நொறுங்கும் சாதி. அங்கே அகலம் அவனைக் கேட்காமலேயே வேறு ஊருக்குப் போகப் பார்த்தது. பிறகு ஒல்லி ஜோடியில் இரண்டு முறை. பொருக்கில் பிரமாதம், பொடியில் மூக்குவரை பனி. இருமிக்கொண்டே எழுந்தவனைக் கீழே நின்ற லதீனா பார்த்தாள்.

"குளிச்சாச்சா?"

"ஒப்பிட்டுக்கிட்டிருக்கேன்."

"ஒப்பிடு, ஒப்பிடு."

மதியம் குடிலுக்குள் போகுமுன் ஸ்கீக்களை வைக்கிற சடங்கு. வெளியூர்க்காரர்கள் ஜோடியாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போவார்கள். உள்ளூர்க்காரர்கள் ஒருபோதும் அப்படிச் செய்வதில்லை. இடது ஒரு கோடியில், வலது இன்னொரு கோடியில். திருடனுக்கு வேண்டியது ஜோடி, ஒற்றையைத் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்வான்? லதீனா தன் இரண்டையும் இரண்டு பக்கம் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பைதருக்கு நாலு. ஒன்றை வாசல் அருகே, ஒன்றை விறகு அடுக்குக்குப் பின்னால், ஒன்றைக் கழிப்பறைச் சுவரோரம், ஒன்றை வேலியின் கடைசிக் கம்பத்தில் என்று தபால் பட்டுவாடா செய்வதுபோல் நொண்டிக்கொண்டே சுற்றி வந்தான்.

"வாப்பா விஞ்ஞானி!" என்றார் குடில்காரர் துமெங், பார்லி சூப்பைக் கொண்டுவந்து வைத்தபடி. "எது ஜெயிச்சுது?"

"சமம்."

"அப்ப பெனால்டி வச்சுப் பாரேன்."

"சிரிக்காதீங்க துமெங். இது சாதாரண விஷயமில்ல."

"நான் எங்க சிரிச்சேன்? உன் பெண்டாட்டிதான் சூப்புக்குள்ள சிரிக்கிறா."

சாப்பிட்டு முடிப்பதற்குள் வெளியே வானம் இறங்கிவிட்டது. ஜன்னலுக்கு அப்பால் பெரிய பெரிய செதில்களாகப் பனி கொட்டியது. துமெங் வற்புறுத்தி ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் செர்ரி மது ஊற்றினார், பைதருக்கு மட்டும், "உனக்கு ஒப்பிட்டுப் பாக்க இன்னொண்ணு வேணும்ல?" என்று இரண்டாவது. புதுப்பனி விழுவதால் அகலத்தில் இறங்குவதென்றும், ஒல்லி ஜோடியை நாளைக்குச் சாமான் லிஃப்டில் அனுப்பச் சொல்வதென்றும் பைதர் தீர்மானித்தான். இரண்டையும் சுமக்கத் தெம்பில்லை என்பதையும் ஒரு தொழில்நுட்பக் காரணம்போலவே சொல்லிக்கொண்டான்.

வெளியே எல்லாம் ஒரே வெள்ளை. ஸ்கீக்கள் அத்தனையும் பனிப்போர்வை போர்த்திய கம்புகளாக நின்றன. வாசல் பக்கம் ஒன்றை உருவினான். விறகு அடுக்குக்குப் பின்னாலிருந்து மற்றதை இழுத்தான். பூட்ஸைக் கவ்வும் பூட்டுகளை மட்டும் துடைத்தான். டக், டக் என்று இரண்டு பூட்ஸும் பிடித்துக்கொண்டன. கனமாக இருந்தது. அன்றைக்கு அவனுக்குக் கரண்டிகூடக் கனமாகத்தான் இருந்தது. பனிச்சரிவில் புதைந்தால் இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி, ஒருவர் மார்பில் கட்டியிருப்பது, வேலை செய்கிறதா என்று மற்றவர் பார்த்துக்கொண்டார்கள். பைதர் முன்னால் இறங்கினான்.

மூடுபனியில் தன் முழங்காலே கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். ஒருவிதத்தில் அது நல்லதாய்ப் போயிற்று. யோசிக்கத் தெம்பில்லை, எடையை எங்கே வைப்பது, விளிம்பை எப்போது சாய்ப்பது என்று டிசம்பரிலிருந்து தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த பிரசங்கம் நின்றுவிட்டது. கால்கள் அவற்றின் பாட்டுக்குப் போயின. பொடியில் மிதந்தான். பொருக்கு வந்தது, நழுவப்போகிறது என்று நினைத்தான். ஆனால் பிடித்தது! இடப்பக்கம் திரும்பினால் ஒரு சுகம், வலப்பக்கம் திரும்பினால் வேறு ஒரு சுகம். தேவதாரு மரங்களுக்கு நடுவே, பனி சுமந்த கிளைகளுக்குக் கீழே, அவன் இந்தக் குளிர்காலத்தில் முதன்முறையாக எதையும் அளக்காமல் இறங்கினான். முழங்கால் வலித்தது, வலித்துக்கொண்டே கூட வந்தது.

கீழே சாலையோரப் பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்றதும் இரண்டு கைகளையும் தூக்கினான்.

"இதுதான் லதீனா! முடிஞ்சுது! அகலம்தான்!"

"அப்படியா?"

"பொருக்குல பாத்தியா? என்ன பிடி! காலைல நான் முன்னால சாய்ஞ்சு நின்னுட்டேன், தப்பு என்மேல. எடைய நடுவுல வச்சா அகலம் பொருக்கையும் பாத்துக்கும். ஊர்ல எல்லாரும் தப்பா நெனச்சுக்கிட்டிருக்காங்க, நானும்தான். அகலங்கறது பொடிக்கு மட்டும்னு நாம சொல்றோம் பாரு, அது…"

லதீனா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அவன் பேசி முடிக்கட்டும் என்று, வண்டியில் வயதானவர்கள் படியேறும்வரை காத்திருக்கும் முகத்தோடு நின்றாள். முடித்தான்.

"கழட்டி ஒண்ணோட ஒண்ணு சேத்து வை," என்றாள்.

கழற்றினான். அடியோடு அடி சேர்த்து வைத்தான். சேரவில்லை. பனியைத் தட்டிவிட்டு மறுபடி வைத்தான். ஒன்று மற்றதன் இருபுறமும் தாண்டி, காது மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. இடது அகலம். வலது ஒல்லி.

பைதர் அதைப் பார்த்தான். சாலையைப் பார்த்தான். அந்த நேரத்தில் ஒரு வண்டி வந்து தன்மேல் பனியை வாரி அடித்துவிட்டுப் போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. வண்டி எதுவும் வரவில்லை.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"ரெண்டாவது திருப்பத்துல. ஒரு தடம் மேலாப்புல போகுது, ஒரு தடம் ஆழமாப் போகுது. என்னடா இது, ரெண்டு பேர் ஒத்தக் கால்ல போறாங்களான்னு நெனச்சேன்."

"கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம். நீ பாடிக்கிட்டுப் போனே."

"பாடினேனா?"

"கேவலமா. ஆனா பாடினே. எத்தனை வருஷமாச்சு நீ பாடி."

பைதர் சாலையோரம் குவித்திருந்த பனிமேட்டில் உட்கார்ந்தான். முதலில் சிரித்தான், வெட்கம் தாங்காமல். பள்ளத்தாக்குக்கே தீர்ப்புச் சொல்கிறவன், காலில் இரண்டு வேறு ஸ்கீ மாட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கிவந்து, அதையும் உலகத்திலேயே சிறந்த ஜோடி என்று சொல்லியிருக்கிறான். சிரித்து முடித்ததும் சிரிப்புக்குக் கீழே இருந்தது மேலே வந்துவிட்டது.

"ஸ்கீ இல்ல லதீனா," என்றான். "ஏற முடியல. போன வருஷம் நான் மேல வர்றேன், நீங்கல்லாம் எழுந்திரிக்கிறீங்க. ஒவ்வொரு தடவையும். நார்வேல தினம் அப்படித்தான் இருக்கும். உங்களுக்கெல்லாம் நான் ஒரு அலாரம். நான் வந்தா கிளம்பலாம்."

லதீனா ஸ்கீக் கம்பால் பனியில் ஒரு குழி தோண்டினாள், அதை மூடினாள்.

"நானும் எழுந்தேன்ல," என்றாள்.

"எல்லாரும்தான்."

"எல்லாரையும் விடு. நானும் எழுந்தேன். குளிர்ல கை விறைச்சுப் போச்சு, நீ வந்தே, எழுந்துட்டேன். நீ உக்காந்தியான்னு பாக்கவே இல்ல." அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "வாய் தொறந்து சொல்றதுக்கு என்ன? வேணும்னா மூணு மாசமா ஸ்கீ அகலத்தப் பத்திப் பேசுவே!"

"அது சுலபமா இருந்துச்சு."

"எனக்கு இல்ல. சாப்பிடும்போதும் அகலம், படுக்கும்போதும் அகலம்."

லதீனா பையிலிருந்து குடுவையை எடுத்து மூடியில் தேநீர் ஊற்றி அவன் கையில் கொடுத்தாள்.

"தினம் ஏறணும்னு யார் சொன்னா? ஒரு நாள் ஏறு, ஒரு நாள் படகுல படு. ஏறுற அன்னிக்கு நீ வந்து உக்காந்து, குடிச்சு, போதும்னு சொல்ற வரைக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன். பிரைதாவுக்கு அவசரம்னா போகட்டும், மலை எங்கயும் ஓடாது. வரியா இல்லையா?"

பைதர் தேநீரை முழுக்கக் குடித்தான். உட்கார்ந்தபடியே குடித்தான்.

"வர்றேன்."

"ஸ்கீ?"

"அங்கயே வாடகைக்கு எடுத்துக்கறேன்."

லதீனா திரும்பி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வாடகை ஸ்கீயில் ஏறுவதும் அடுத்தவன் பல் துலக்கியை வாயில் வைப்பதும் ஒன்று என்று அறிவித்தவன் இவன். அவள் கைப்பேசியை எடுத்தாள்.

"பிரைதா? ரெண்டு பேரும் வர்றோம். ஆமா, அவனும்தான். இல்ல, ஸ்கீ எடுத்துட்டு வரல, அங்க வாடகைக்கு. நிசமாத்தான் சொல்றேன். சேச்சே, காய்ச்சல்லாம் ஒண்ணுமில்ல." கொஞ்சம் கேட்டுவிட்டுக் கைப்பேசியைக் கையால் மூடினாள். "இப்பவே சொல்லி வைக்கணுமாம். எந்த அகலம்னு கேக்கறா."

பைதர் யோசித்தான். நியாயமான கேள்விதான். ஏப்ரல், கடலோரம், காலையில் பொருக்கு, வெயில் ஏறினால் ரவை மாதிரி குருணைப் பனி. ஆனால் வடக்கு முகத்தில் ஒருவேளை…

அவன் வாய் திறப்பதைப் பார்த்ததும் லதீனா கையை எடுத்தாள்.

"எது கிடைக்குதோ அது," என்றாள் பிரைதாவிடம். "ரெண்டும் ஒரே அகலமா இருந்தாப் போதும்."