சாம்பல் பெட்டியும் காணாமல் போன சித்தப்பாவும்

மே மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, பேருந்து நிலையத்தை ஒட்டிய வணிக வளாகத்தின் நான்காம் மாடியில், இரண்டாம் எண் அரங்கில், ‘கடல் கடந்த குடும்பம்’ என்ற அனிமேஷன் படம் காலைக் காட்சியோடு வெளியானது.

அதன் இயக்குநர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். இடப்பக்கம் மனைவியும் மகளும். வலப்பக்கம் மனைவியின் அண்ணன். அவர்தான் தயாரிப்பாளர்; தொழில் டைல்ஸ் வியாபாரம். கடையின் மேல்மாடியை ஆறு வருடமாக ஸ்டூடியோவுக்கு விட்டிருந்தார். அந்த ஆறு வருடத்தில் கடையில் விதவிதமான டைல்ஸ் வந்து போய்விட்டன. மாடியிலிருந்து இந்த ஒரு படம்தான் வந்தது. அரங்குக்குள் நுழையும்போதே பேச்சை முடித்துவிட்டார்.

“படம் ஓடுச்சுன்னா மாடி உன்னுது, மாப்ள. ஓடலைன்னா வருத்தப்படக் கூடாது. கிடங்குக்கு இடம் பத்தல.”

“ஓடும் மச்சான்.”

“ஓடட்டும். மேல முப்பது பேரு உன்னைத்தான் நம்பி இருக்காங்க.”

படத்தின் கதை இதுதான். கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கும் ஓர் அப்பா, அம்மா, மகள், மகன் நால்வரும், காணாமல் போன சித்தப்பாவைத் தேடி மரப்படகில் கடலுக்குள் போகிறார்கள். சித்தப்பா ஏன் காணாமல் போனார் என்பதைப் படம் எங்கும் சொல்லவில்லை. அந்தக் குடும்பம் பாடும் முதல் இரண்டு பாட்டைக் கேட்ட பிறகு யாரும் காரணம் கேட்கப்போவதில்லை. அம்மாவின் கூந்தலுக்கு மட்டும் எட்டு மாதம் உழைத்திருந்தார்கள். காற்றடித்தால் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக அசையும். அந்தக் கூந்தலுக்குச் சொந்தக்காரிக்குப் படம் முழுவதும் “பத்திரம்!” என்பதைத் தவிர வேறு வசனம் இல்லை. மகள் பாத்திரத்தை இயக்குநர் தன் மகளைப் பார்த்தே வரைந்திருந்தார். பல்வரிசையின் இடைவெளி உட்பட.

புயல் காட்சி வந்தது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. அப்பா ஒரு மூலையில் விழுந்தார், பிள்ளைகள் ஒரு மூலையில் உருண்டார்கள், அம்மா கூந்தல் பறக்க “பத்திரம்!” என்றாள். இயக்குநர் இருக்கையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முன்வரிசையில் ஒரு பிள்ளை கணீரென்று கேட்டது:

“அம்மா, அந்தப் பொட்டி யாரு?”

அப்போதுதான் இயக்குநர் அதைப் பார்த்தார். படகின் பின்னோரத்தில், புயலாவது ஒன்றாவது என்று, ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது ஒரு சாம்பல் நிறப் பெட்டி.

அது அவர்களுடைய அளவுப் பெட்டி. பத்து வயதுப் பிள்ளையின் உயரத்தில், கண்ணில்லாமல், வாயில்லாமல், வழுவழுவென்று ஒரு கட்டி. கணினியில் எந்தக் காட்சியை அமைத்தாலும் முதலில் அதைத்தான் கொண்டுபோய் நிறுத்துவார்கள். கதவு எவ்வளவு பெரிது, படகு எவ்வளவு சிறிது என்பதெல்லாம் அதை வைத்துத்தான். வேலை முடிந்ததும் மறைத்துவிட வேண்டும். வெளிச்சம் போடுகிறவர்கள் மறைத்துக்கொள்வார்கள் என்று காட்சி அமைத்தவர்கள் விட்டுவிட்டார்கள். மறைக்காமலா அனுப்பியிருப்பார்கள் என்று வெளிச்சம் போட்டவர்கள் விட்டுவிட்டார்கள். இயக்குநர் அந்தக் காட்சியை நூறு தடவையாவது பார்த்திருப்பார். ஆறு வருடம் தினமும் பார்த்த கண்ணுக்கு அது மூக்கு நுனி மாதிரி. எப்போதும் எதிரில் இருக்கும், எப்போதும் தெரியாது.

அரங்கில் சிரிப்பு கிளம்பியது. குடும்பம் விழ விழ, பெட்டி நிற்க நிற்க, பிள்ளைகள் இருக்கையில் எம்பி எம்பிக் குதித்தார்கள். அடுத்தது தீவுக் காட்சி. கடற்கரையில் பெட்டி நின்றது. குடும்பம் படகேறிப் புறப்பட்டது. படகில் பெட்டி இல்லை, ஏனென்றால் அந்தக் காட்சியில் யாரோ பொறுப்பாக மறைத்திருந்தார்கள். கரையில் இருந்த பெட்டி மட்டும் சிறிதாகிக்கொண்டே போனது.

“விட்டுட்டுப் போறாங்க!” என்று ஒரு பிள்ளை அலறியது. நாலைந்து பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். இடைவேளை விட்டது.

இயக்குநர் பாப்கார்ன் விற்கும் இடத்துக்குப் பின்னால் போய் நின்று ஸ்டூடியோவுக்கு ஃபோன் போட்டார். எடுத்தவர் காட்சியமைப்புப் பிரிவின் தலைவர். எந்த வேலையைக் கேட்டாலும் “முக்கால்வாசி முடிஞ்சிருச்சு” என்பார். அதனால் அவருக்கு முக்கால் என்றே பெயர்.

“முக்கால், பெட்டி தெரியுது.”

“எந்தப் பெட்டி சார்?”

“நம்ம பெட்டிய்யா! சாம்பல் பெட்டி! மலை மாதிரி நிக்குது!”

“எல்லாத்துலயும் மறைச்சாச்சே சார்... முக்கால்வாசி.”

“எல்லாத்தையும் எடுத்துட்டு புதுக் காப்பி ரெடி பண்ணு. இன்னைக்கே உட்காரு.”

திரும்பினால் மச்சான் நிற்கிறார். முகம் வெளிறிப்போயிருந்தது. இயக்குநர் வாய் திறப்பதற்குள் அவர் கேட்டார்:

“மாப்ள, அந்தப் பொட்டி திரும்ப வரும்ல?”

வந்தது. பெரும்பாடுபட்டுச் சித்தப்பாவைக் கண்டுபிடித்தார்கள். சித்தப்பாவுக்குக் குரல் கொடுத்தவர் பெரிய நடிகர், அரை நாள் வந்து பேசி முடித்து, கிளம்பும்போதுதான் “இது கார்ட்டூனா?” என்று கேட்டவர். சித்தப்பா கிடைத்தபோது அரங்கில் ஒருவர் இருமினார். பிறகு குடும்பம் வீடு திரும்பியது. வாசலில், அவர்களுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தது பெட்டி. அரங்கமே எழுந்து கை தட்டியது. மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலை மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். ஒரு சதுரம், அதற்குள் சாம்பல் நிறம்.

“அந்தப் பொண்ணைப் பிடிக்கலையாம்மா உனக்கு?” என்றார் இயக்குநர். “உன்னை மாதிரியே இருந்தாளே.”

“அவ எப்பப் பாத்தாலும் கத்துறாப்பா. பொட்டி பாவம், ஒண்ணுமே சொல்லல.”

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “நானுந்தான் ஆறு வருஷமா ஒண்ணுமே சொல்லாம ஓரமா நிக்கிறேன். யாரு கை தட்டினா?”

சனிக்கிழமை விமர்சனங்கள் வந்தன. ஒரு நாளிதழ், ‘எந்தக் குடும்பமும் பேச மறுக்கும் துக்கத்துக்கு இயக்குநர் ஒரு வடிவம் கொடுத்திருக்கிறார், அது சாம்பல் நிறத்தில் இருக்கிறது’ என்று எழுதியது. இன்னொன்று, அது சித்தப்பாவின் மனசாட்சி என்றது. அம்மாவின் கூந்தலைப் பற்றி எதிலும் ஒரு வரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் தலையில் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டு அரங்குக்கு வந்தார்கள். பின்னால் இருப்பவர்களுக்குத் திரை மறைத்தது. யாரும் சண்டை போடவில்லை. மச்சான் ஃபோன் மேல் ஃபோன் போட்டார்.

“மாப்ள, மாடி உன்னுது. ரெண்டாம் பாகத்துக்குப் பொட்டியையே ஹீரோவாப் போடு. அந்தக் குடும்பம் வேணாம், சும்மா தொணதொணன்னு.”

இயக்குநர் “சரி மச்சான்” என்றார். ஃபோனை வைத்துவிட்டு, கூந்தலைப் பற்றி எங்காவது ஒரு வரி இருக்கிறதா என்று விமர்சனங்களை மறுபடி புரட்டினார்.

சாயங்காலம் முக்கால் கூப்பிட்டார். “புதுக் காப்பி ரெடி சார். பொட்டி இல்லாதது. ஆனா இப்பத்தான் ஹவுஸ்ஃபுல்லா ஓடுதே... அனுப்பணுமா?”

இயக்குநர் மேசையைப் பார்த்தார். அங்கே பத்துப் பன்னிரண்டு காகிதங்கள் கிடந்தன. எல்லாவற்றிலும் சதுரங்கள்.

“அனுப்பு,” என்றார்.

திங்கட்கிழமை பகல் காட்சியில் புயல் வந்தது, பெட்டி வரவில்லை. பிள்ளைகள் முதலில் பொறுமையாகத் தேடினார்கள். “எங்கேம்மா? எங்கேப்பா?” என்று இருட்டில் குரல்கள் கேட்டன. தீவும் வெறிச்சென்று கிடந்தபோது அட்டைப்பெட்டிகள் திரையை நோக்கிப் பறந்தன. அரங்க மேலாளர் விளக்கைப் போட்டுவிட்டு, படம் இதுதான், வேறு படம் மாற்றவில்லை என்று விளக்கிப் பார்த்தார். ஒரு தகப்பன் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “என் பிள்ளைக்கு நீ பதில் சொல்லு!” என்றார். மறுநாள், துக்கத்துக்கு வடிவம் கண்ட அதே நாளிதழ் விமர்சகர், பெட்டி இல்லாததுதான் பெட்டியின் உச்சம் என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு யாரும் டிக்கெட் எடுக்கவில்லை.

மச்சான் ஸ்டூடியோவுக்குப் படியேறி வந்தார். மூச்சு வாங்கியது.

“ஏன் மாப்ள? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு. ஏன்?”

“அது தப்பு மச்சான். பிழை. எங்க வேலையில நேர்ந்த அசிங்கம்.”

“என் கடையில ஒரு டைல்ஸ் கோணலா வருது. வாங்க வர்றவன் அதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான். நீ பின்னாலயே போய் அதை நேராக்கிட்டு வர்ற! யாருய்யா உன்னைக் கூப்பிட்டா?”

முக்கால் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். “பழைய காப்பி அப்படியே இருக்கு சார். ஒரு பட்டன் அமுக்கினா போயிரும்.”

“அமுக்குடா!” என்றார் மச்சான்.

“இருங்க,” என்றார் இயக்குநர். “பெட்டிதானே வேணும்? தர்றேன். ஆனா அந்த மொட்டைக் கட்டி என் பேர்ல மறுபடியும் போகாது. போடுறதுன்னா ஒழுங்காப் போடுவோம். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க.”

மச்சான் அவரையே பார்த்தார். “பொட்டி வரும்ல?”

“வரும்.”

முப்பது பேரும் வீட்டுக்குப் போகாமல் உழைத்தார்கள். பெட்டி தேக்கு மரமானது. மூலைகளில் பித்தளைப் பூண் ஏறியது. புயலில் மற்றவர்களோடு அதுவும் உருண்டது, ஏனென்றால் அதுதான் இயற்கை. இரண்டு கண்கள் வந்தன. தீவில் குடும்பம் பிரியும்போது ஒரு சொட்டுக் கண்ணீர் மர ரேகை வழியாக இறங்கியது; அந்த ஒரு சொட்டுக்காக இரண்டு பேர் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தார்கள். கடைசியில் வாசலில் நின்று, மறுபடியும் அரை நாள் வந்து பேசிவிட்டுப் போன பெரிய நடிகரின் குரலில் அது கேட்டது: “நானும் உங்க குடும்பந்தானே?”

அந்த வசனத்தை எழுதி முடித்தபோது இயக்குநரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்குக் கால்வாசிக் கூட்டம். இயக்குநர் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். புயலில் பெட்டி உருண்டது. யாரும் சிரிக்கவில்லை. தீவில் அது கண்ணீர் விட்டது. ஒரு பிள்ளை சிறுநீர் கழிக்கப் போக வேண்டும் என்றது. வாசலில் அது பேசியபோது, மகள் அவர் சட்டைக் கையை இழுத்தாள்.

“இது யாருப்பா?”

“பொட்டிம்மா. நம்ம பொட்டி.”

“இல்லப்பா. இது பேசுது.”

மச்சான் இடைவேளையிலேயே கடைக்குக் கிளம்பிப் போயிருந்தார். சாயங்காலம் முக்கால் பழைய காப்பியை அனுப்பட்டுமா என்று கேட்க அரங்குக்கு ஃபோன் செய்தார். எந்தக் காப்பியும் வேண்டாம் என்று மேலாளர் ஃபோனை வைத்துவிட்டார்.

அடுத்த வியாழக்கிழமையோடு படம் அரங்கிலிருந்து தூக்கப்பட்டது. மறுநாள் அந்த அரங்கில் ஒரு பேய்ப்படம் போட்டார்கள். மாத முடிவில் ஸ்டூடியோ காலி செய்யப்பட்டது. முக்கால் உட்பட பதினோரு பேருக்கு வேறு இடங்களில் வேலை கிடைத்தது. மேல்மாடியில் இப்போது குளியலறை டைல்ஸ் அடுக்கியிருக்கிறார்கள்.