தாமதமாக வந்த வேணாம்

“இன்னும் ஒரு ஆள் குறையுது லா,” என்று வெள்ளைக் கையுறைகளை நீட்டிக்கொண்டே வந்தார் இஞ்ஞாசி பெரியப்பா. சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், ரெனீயின் அப்பா கிளாரன்ஸ் டை கட்டிக்கொண்டு பெட்டிக்குள் படுத்திருந்தார். உயிரோடு இருந்தவரை அவருக்கு யாராலும் டை கட்டிவிட முடிந்ததில்லை. தேவாலயப் பூசைக்குக் கொண்டுபோக வண்டி வந்து நின்றாயிற்று. தூக்க ஆறு பேர் வேண்டும், ஐந்து பேர்தான் தேறினார்கள்.

ஆறாவது ஆள் கடைசி வரிசையில் இருந்தான். ஸ்ரீநாத். மார்சிலிங் பக்கத்துக் கம்பெனியில் அப்பாவோடு மோட்டார் வேலை பார்த்தவன், ரெனீ கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவன். அவன் உயரத்துக்கு எந்த நாற்காலியிலும் ஒளிய முடியாது.

“அவனைக் கூப்பிட முடியாதும்மா,” என்றார் பெரியப்பா. “உங்கப்பன் வேணாம்னு சொன்னதை நானும் கேட்டேன்ல?”

கேட்டது உண்மைதான். அம்மா தேநீர் வாங்கக் கீழே போயிருந்த நேரம், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே ஸ்ரீநாத்தைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று ரெனீ கேட்டாள். அப்பா வேணாம் என்றார். வழக்கமாக அது ஒன்றும் பெரிய விஷயமல்ல. நாய் வளர்க்கலாமா, வேணாம். பினாங்கு போகலாமா, வேணாம். பிறகு பார்த்தால் முதல் ஆளாகப் பெட்டி கட்டியிருப்பார். இந்த முறை அந்தப் ‘பிறகு’ வரவில்லை. அன்று சாயங்காலமே போய்விட்டார். அப்பாவின் கடைசி வார்த்தையை மிதித்துக்கொண்டு மணமேடை ஏற ரெனீக்கு மனம் வரவில்லை. எல்லாம் முடிந்ததும் ஸ்ரீநாத்திடம் சொல்லிவிடுவது என்றிருந்தாள்.

“என்ன வேணாம்? யாரு சொன்னா?” பெட்டிக்குள் பூவைச் சரிசெய்துகொண்டிருந்த அம்மா ரூபி நிமிர்ந்தாள்.

ரெனீ சொன்னாள்.

“சட்டுனு சொன்னாரா, யோசிச்சுச் சொன்னாரா?”

“ரொம்ப நேரம் சத்தமே இல்லம்மா. தூங்கிட்டாருன்னு நெனச்சேன். அப்புறம்தான் சொன்னாரு.”

அழுது வீங்கிய முகத்தோடு ரூபி சிரித்தாள். பூசைப் பாட்டுப் புத்தகம் வைத்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சிரித்தாள்.

“டாக்டர்கிட்ட போலாமான்னு கேளு, வாய் மூடறதுக்குள்ள வேணாம்பாரு. அது நெஜ வேணாம். இன்னொரு வடை வைக்கவான்னு கேளு, யோசிச்சு யோசிச்சு வேணாம்பாரு. வெச்சா காலி! என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ ஒரு காப்பி முழுசாக் குடிச்சிட்டுத்தான்டி வேணாம்னாரு.”

ரெனீ வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். ஸ்ரீநாத் எழுந்து வந்திருந்தான்.

“மோட்டார்லயும் சார் அதைத்தான் பண்ணாரு, ஆன்ட்டி,” என்றான். “சுத்துற பாகம், அதான் ரோட்டர், எங்க நிக்குதுன்னு சொல்ல சென்சார் வேணும்பாங்க. சார் அதைக் கழட்டிட்டாரு. சும்மா இருக்கிற காயிலுக்குள்ள ஒரு சின்னக் கரண்டை அனுப்பிப் பாப்போம். சட்டுனு ஏறுச்சுன்னா ரோட்டர் தள்ளி நிக்குது. தயங்கித் தயங்கி ஏறுச்சுன்னா நேர் எதிர்ல வந்து நிக்குதுன்னு அர்த்தம்.” உடனே குரல் தணிந்தது. “ஆனா அது ஒரு கணக்குதான். சில நேரம் தப்பாவும் போகும்.”

“உங்க மோட்டாருக்குப் போகும் தம்பி. நான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன்.” ரூபி, பெரியப்பா கையிலிருந்த கையுறையைப் பிடுங்கி அவனிடம் கொடுத்தாள். “தூக்குங்க.”

பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து, தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

பெட்டியை மூடினார்கள். ரெனீ அப்போதுதான் நன்றாக அழுதாள். ஆறு பேரும் குனிந்து தூக்கினார்கள். முன்பக்கம் ஸ்ரீநாத் நின்றதில் பெட்டி ஒருபக்கமாக மேலே போனது. பின்னால் பிடித்திருந்த பெரியப்பா தள்ளாடினார்.

“மாப்ளே! மெதுவா, இறக்கிப் பிடிங்க லா. என் தம்பி கால்பக்கமா வழுக்கி வந்துடப்போறான்!”

‘மாப்ளே’ என்று சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். காது மடல் சிவந்தது. அதை அவர் திருத்தவில்லை.

ஸ்ரீநாத் முழங்காலைக் கொஞ்சம் மடக்கினான். பெட்டி சமமாயிற்று. எல்லாரும் அடியெடுத்து வைத்தார்கள்.