வாயால் பிடிக்கும் பேனா

அண்ணன் பேனா கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. அம்மா அவனுக்குக் கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, பாத்திரத்தோடு பின்பக்கம் போயிருந்தாள். அவன் கூரையைப் பார்த்தபடியே என்னைக் கூப்பிட்டான்.

"மலரு, செல்லுல எழுதற பேனா இருக்குதாமே. வாயில புடிச்சிக்கினு எழுதலாமாம். ஆஸ்பத்திரில பக்கத்து பெட்டுக்காரரு சொன்னாரு."

இருக்கிறது என்றேன்.

"ஒண்ணு வாங்கியா."

எதற்கு, நான்தான் எழுதித் தருகிறேனே என்றேன். அவன் பின்பக்கம் அம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

"உங்கிட்ட சொல்லி எழுத முடியாதது கொஞ்சம் இருக்குது," என்றான்.

எனக்குப் பயம் வந்தது. அவன் எழுதப்போவதை நினைத்து அல்ல. எழுதுவதற்கு முன்னால் அவன் படிப்பான்.

என் அண்ணன் சரத்குமார் மினி லாரி ஓட்டினான். வெள்ளிமலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றி, கீழே ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் இறக்குவான். போன மாசியில் மலைப்பாதை வளைவு ஒன்றில் வண்டி கவிழ்ந்தது. கழுத்தெலும்பு உடைந்து உள்ளே நரம்பு நசுங்கிவிட்டது. தலையைத் திருப்புவான், சாப்பிடுவான், பேசுவான். கழுத்துக்குக் கீழே எதுவும் அவன் சொன்னதைக் கேட்காது. மூச்சுவிடத் தொண்டையில் துளை போட்டு மூடியதிலிருந்து குரல் பாதி காற்றாக வருகிறது. பேசினால் தானே எழுதிக்கொள்ளும் வசதியைச் செல்லில் போட்டுப் பார்த்தோம். அவன் சொன்ன எதுவும் அதற்கு விளங்கவில்லை. விளங்கினாலும் எங்கள் வீடு ஒரே கூடம். செவ்வந்திக்கு அனுப்புவதை அதில் வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

செல்லைத் திறக்க நான் அவன் கட்டைவிரலைத் தூக்கிப் பொத்தான்மேல் வைப்பேன். திறந்துகொள்ளும். தொட்டது அவனுக்குத் தெரியாது. செல்லுக்குத் தெரியும்.

செவ்வந்தி மலையில் கிழங்கு எடை போடும் இடத்தில் சீட்டு எழுதுகிறவள். விபத்துக்கு முன் இருவரும் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தார்கள். அவள் வீட்டிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், எங்கள் வீட்டிலும் மாட்டார்கள் என்பதால் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரியும். அவன் படுக்கையில் விழுந்த பிறகு, அம்மா கழனிக்குப் போகும் நேரத்தில் அவன் மெதுவாகச் சொல்லச் சொல்ல நான் வாட்ஸ்அப்பில் எழுதுவேன். அவள் ஊரில் டவர் கிடைக்காது. ஒரு பாறைமேல் ஏறினால்தான் வரும். எங்கள் செய்தி இரண்டு நாள் ஒற்றை டிக்கில் நிற்கும். அவள் பாறை ஏறியதும் எல்லாம் சேர்ந்து போய்விழும், பதிலும் வரும். செல்லை என் பக்கம் பிடித்துக்கொண்டு நான் படித்துக்காட்டுவேன். அவன் கண்ணை மூடிக் கேட்பான்.

ஆவணியில் செவ்வந்தி என் நம்பருக்குப் பேசினாள். அழவில்லை. தை மாதம் கல்யாணம் வைத்துவிட்டார்கள் என்றாள். அவனோடு பேசினால் தன்னால் அந்த வீட்டுக்குப் போக முடியாது, அதனால் அவன் நம்பரைத் தடுத்துவைக்கப் போவதாகச் சொன்னாள். அவனுக்கு நான்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும், என்னால்தான் முடியும் என்றாள்.

கல்லூரியில் மூன்று வருடம் இயற்பியல் படித்தேன். வருகைப் பதிவில் என் பெயருக்கு நான் சொன்ன பதில் பல நாள் ஆசிரியர் காதுவரை போனதில்லை. அப்படிப்பட்ட என்னை நம்பி அவள் போனை வைத்தாள்.

அன்று மாலை அவன் கேட்டபோது, இன்னும் போய்ச்சேரவில்லை, டவர் இல்லை போல என்றேன். அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தடுத்த நம்பருக்கும் டவர் இல்லாத நம்பருக்கும் ஒரே ஒற்றை டிக்தான். எட்டு நாள் அப்படியே சொன்னேன். ஐந்தாம் நாளிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்பதாம் நாள் வெறும் திரையைப் பார்த்து, "சாப்டியான்னு கேட்டிருக்காண்ணா," என்று படித்தேன். அன்று மூன்று இட்லி சாப்பிட்டான்.

ஆய்வக நோட்டில் வராத ரீடிங்கை நான் ஒருநாளும் எழுதியதில்லை. அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு முறை செவ்வந்தி எழுதாததைப் படித்தேன். இப்போது கார்த்திகை.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே வரிசையாகச் செல் கடைகள். ஆள் குறைவான கடையைத் தேடி அந்த வரிசையை மூன்று முறை கடந்து போனேன். கடைசியில் நுழைந்த கடையில் ஒரு கடைக்காரரும், செல்லுக்குக் கண்ணாடி ஒட்டக் காத்திருந்த இரண்டு பேரும் இருந்தார்கள். டச் பேனா என்றேன். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க என்றார். மறுபடி சொன்னேன்.

நான்கு பேனாக்களை எடுத்து வைத்தார். ஒன்றின் நுனியில் கண்ணாடி போல ஒரு சின்ன வட்டத் தகடு. துல்லியமாக எழுதும் என்றார். தகட்டை நகத்தால் நெம்பினேன், கழன்று வந்தது. படுத்திருப்பவன் வாயருகே கழன்றால் தொண்டைக்குள் போகும். அதை ஒதுக்கினேன். இன்னொன்று பேட்டரி போட்டது, கூர் நுனி. பல்லில் பிடித்துத் தூக்க முடியாத கனம். மீதி இரண்டிலும் நுனியில் கறுப்பு ரப்பர் இருந்தது. ஒன்றுக்கு அலுமினிய உடம்பு. மற்றதற்கு நீல பிளாஸ்டிக்.

கண்ணாடிக்கு அடியில் மெல்லிய மின்னூட்டம் பரவியிருக்கும். விரல் நெருங்கினால் அதில் கொஞ்சம் உடம்பின் பக்கம் இழுபடும். எந்த இடத்தில் மாறியதோ அந்த இடத்தைத் தொட்டதாகச் செல் எடுத்துக்கொள்ளும். பேனா வெறும் வழி. எழுதுவது அதைப் பிடித்திருக்கும் உடம்புதான். நடுவில் பிளாஸ்டிக் வந்தால் வழி அறுந்துவிடும்.

கை படாமல் இருக்க, துப்பட்டாவை நாலாக மடித்து அதால் அலுமினியப் பேனாவைப் பிடித்து என் செல்லில் இழுத்தேன். ஒன்றும் விழவில்லை. இனி செய்ய வேண்டியதைச் செய்ய வெட்கமாக இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பி, பேனாவின் பின்நுனியை உதட்டில் வைத்து, துப்பட்டாவோடு இழுத்தேன். கோடு விழுந்தது. சுத்தமான கோடு.

"ருசி எப்டிங்க இருக்குது?" என்றார் கடைக்காரர். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

"எங்க அண்ணனுக்கு. கை வராது. வாயில புடிச்சு எழுதணும்," என்றேன். இதை எப்படி அத்தனை பேர் முன்னால் சொன்னேன் என்று தெரியவில்லை.

சிரிப்பு நின்றது. கடைக்காரர் அந்தப் பேனாவை வாங்கித் துணியால் நன்றாகத் துடைத்து என் முன்னால் வைத்தார்.

"அப்ப இதாங்க. யோசிக்காம எடுத்துக்கினு போங்க."

பிளாஸ்டிக் பேனாவையும் அதேபோல் வைத்துப் பார்த்தேன். எவ்வளவு இழுத்தும் திரை வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அண்ணன் செல்லைத் திறப்பான். செவ்வந்தி பெயரைத் தொடுவான். மேலே நகர்த்துவான். நான் படித்த எதுவும் அங்கே இருக்காது.

"இது போதும்," என்று பிளாஸ்டிக் பேனாவை எடுத்தேன்.

"அது வேலைக்கு ஆவாதுங்க. இப்பதான நீங்களே பாத்தீங்க." நான் தலை நிமிரவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார். "வெல ஜாஸ்தின்னு பாக்கறீங்களா? இருக்கறத குடுங்க, பரவால்ல."

இல்லை என்றேன். அது மட்டும் உண்மை.

வீட்டில் அம்மா மதியச் சோறு ஊட்டி முடித்திருந்தாள். கவிழ்ந்த லாரியிலிருந்து எடுத்து வந்த செல் ஸ்டாண்டைக் கட்டிலின் சட்டத்தில் மாட்டி, செல்லை அவன் முகத்துக்கு நேராக வைத்தேன். விரல் கேட்கும் பூட்டை எடுத்துவிட்டேன். தலையணையை உயர்த்தினோம். அவன் பேனாவைப் பல்லில் கடித்து, தலையை முன்னால் கொண்டுவந்து தொட்டான். செல் அசையவில்லை. மறுபடி தொட்டான். அழுத்தித் தொட்டான். ஸ்டாண்டு ஆடியது. எச்சில் வழிந்து கழுத்தில் இறங்கியது. அம்மா துடைத்துவிட்டாள்.

அரை மணி நேரம் முயன்றான். அம்மா பேனாவை வாங்கி, சுண்ணாம்பு தடவும் குச்சியைப் போல நுனி ரப்பரோடு சேர்த்துப் பிடித்துத் தொட்டாள். படங்கள் நகர்ந்தன.

"எனக்கு வருதே," என்றாள். சொன்ன பிறகு சொல்லியிருக்கக் கூடாது என்று அவள் முகத்தில் தெரிந்தது.

"உசுரு இருக்கறவங்களுக்குத்தான் வரும் போலக்குது," என்றான் அண்ணன். மழை வரும் போல என்று சொல்வதைப் போல, சாதாரணமாக.

அம்மா பேனாவைக் கட்டிலில் போட்டுவிட்டுப் பின்பக்கம் போனாள். பாத்திரச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"பேனா சரியில்லண்ணா," என்றேன்.

"அம்மாவுக்கு வருதே."

பிளாஸ்டிக் வழியாக மின்னூட்டம் போகாது என்று சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்துப் பாடம். சொன்னால், தெரிந்தும் ஏன் இதை வாங்கினாய் என்று கேட்பான். நான் தலையணையை இறக்கினேன். செல்லின் கண்ணாடிக்கு அவன் உடம்பும் எங்கள் உடம்பும் ஒன்றுதான். உலகத்தில் அப்படி நினைக்கிற பொருள் அது ஒன்றுதான் மிச்சம். அதுவும் இல்லையென்று அவனை நம்பவைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவன் சாப்பிடவில்லை. செவ்வந்தி என்ன எழுதியிருக்கிறாள் என்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அம்மா சோளத்துக்குக் களையெடுக்கப் போனதும், அடுப்படியில் கழுவி வைத்திருந்த பிரியாணிப் பொட்டலத்தின் அலுமினியத் தாளை எடுத்து நீளமாகக் கிழித்தேன். ரப்பரின் அடியிலிருந்து தொடங்கிப் பின்நுனிவரை இறுக்கிச் சுற்றினேன். உதடு படும் இடத்தில் இரண்டு சுற்று அதிகம். அலுமினியப் பேனாவுக்கும் இதற்கும் இனி வித்தியாசம் இல்லை. என் உதட்டில் வைத்துப் பார்த்தேன், எழுதியது. கழுவி அவனிடம் கொண்டுபோனேன்.

"இன்னாத்துக்கு இதெல்லாம்," என்றான்.

"ஒரு தடவ பாருண்ணா."

கடித்தான். முகம் சுளித்தான். தலையை முன்னால் கொண்டுவந்தான். படங்கள் நகர்ந்தன.

பேனாவை விடாமல் பல்லுக்கிடையில், "மலரு, வருது," என்றான். விபத்துக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு படத்தைத் திறந்தான், மூடினான். வேண்டுமென்றே இன்னொன்றைத் திறந்தான். பிறகு பேனாவை மார்பில் நழுவவிட்டான்.

"நீ கொஞ்சம் வெளிய இரு."

பேனாவை மறுபடி அவன் வாயில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. உள்ளே ரப்பர் கண்ணாடியில் படும் மெல்லிய சத்தம், ஒவ்வொரு எழுத்தாக, இடைவெளி விட்டுக் கேட்டது. நடுவில் நின்றது. பிறகு தொட்டு இழுக்கும் சத்தம், பலமுறை. பிறகு எதுவும் கேட்கவில்லை.

நிறைய நேரம் கழித்து உள்ளே போனேன். பேனா தரையில் கிடந்தது. அவன் கண்ணை மூடியிருந்தான். திரையில் செவ்வந்தியின் படம் இருந்த இடத்தில், தடுக்கப்பட்டவர்களுக்குத் தெரியும் சாம்பல் நிற வட்டம். கீழே ஆவணி மாதத்துச் செய்தி ஒன்று, அவளுடைய கடைசிச் செய்தி: மழ வருது, பாறைய விட்டு எறங்கறேன். அதற்குக் கீழே எல்லாம் அவன் சொல்ல நான் எழுதியவை. ஒவ்வொன்றிலும் ஒற்றை டிக். அடியில் எழுதும் கட்டத்தில், அனுப்பாமல், அவன் வாயால் எழுதிய வரி நின்றது. செவ்வந்தி, நீ வேற ஒருத்தர கட்டிக்கினு நல்லா

அதோடு நிறுத்தியிருந்தான்.

சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். அவள் பேசியது, தை மாதம், அந்த எட்டு நாள், இட்லி.

"வாய் வலிக்குது. அத எடுத்து வை," என்றான்.

பேனாவைக் கழுவி ஜன்னலில் வைத்தேன். மூன்று நாள் அவன் அதைக் கேட்கவில்லை. என்னிடம் தண்ணீர் கேட்டான், புரட்டிப் போடச் சொன்னான், வேறு எதுவும் பேசவில்லை. அம்மாவிடம், பேனா நன்றாக எழுதுகிறது, கழுத்துதான் ஒத்துழைக்கவில்லை என்று சொன்னான். அம்மா அதற்கே சந்தோஷப்பட்டாள்.

நான்காம் நாள் காலை. அம்மா கழனிக்குப் போயிருந்தாள். அவன் கூரையைப் பார்த்தபடி கேட்டான்.

"செவ்வந்தி இன்னா எழுதியிருக்கா?"

எனக்குச் சரியாகத்தான் கேட்டதா என்று நின்றேன்.

"செல்ல எடு. படி."

எடுத்தேன். என் பக்கம் பிடித்துக்கொண்டேன். அவன் கண்ணை மூடினான்.

"சாப்டியான்னு கேட்டிருக்காண்ணா."

"ரெண்டு இட்லி சாப்டேன்னு போடு."

எழுதும் கட்டத்தில் அவனுடைய வரி அப்படியே இருந்தது. அதை அழித்தால்தான் எழுத முடியும். ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். இட்லி சாப்பிட்டதை எழுதி அனுப்பினேன்.

"போச்சா?"

"ஒத்த டிக்குதாண்ணா."

"மேல டவர் இருக்காது," என்றான்.